மார்த்தாண்டத்துத் தேன்

மார்த்தாண்டம் என்றதும் தேன்தான் ஞாபகத்துக்கு வரும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தேனுக்குப் பின்னால் ஒரு பெரிய எண்ணம் இருந்ததென்பது அநேகருக்குத் தெரியாது.

அதை ஆரம்பித்து வைத்தவர் சேலத்துக்காரரான கே. டி. பால். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். பட்டணத்து இளைஞர்களுக்கு வாசகசாலையும் விளையாட்டுத் திடலும் நடத்திவந்த சங்கத்தைக் கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டுறவுக் கடனில் தொடங்கியது அந்த வேலை. ஆனால் கடன் கொடுத்துவிட்டால் வறுமை போய்விடுமா? வாங்கியவனுக்குக் காய்ச்சல் வந்தால் பணம் மருந்துக்குப் போகும். எழுத்தறியாதவனானால் கணக்கில் போகும்.

1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையம் அமைத்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. ஆன்மா, அறிவு, உடல், பொருள், சமூக உறவு ஆகிய ஐந்தையும் ஒருமிக்கக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காகிதத்தில் படித்தால் கொஞ்சம் பிரசங்க வாடை அடிக்கத்தான் செய்கிறது. நடந்த காரியங்களோ வெகு சாதாரணமானவை. உயர்ந்த ஜாதிக் கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுத்து, முட்டைகளைக் கூட்டுறவில் சேர்த்து விற்றார்கள்.

தேனீயின் கதை இன்னும் ருசியானது. அதுவரை மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் கூட்டைக் கண்டால் புகை போட்டு விரட்டுவார்கள். அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிவார்கள். தேனும் போச்சு, குடும்பமும் போச்சு. சட்டங்கள் வைத்த மரப்பெட்டி வந்த பிறகு, அடையைச் சுழற்றித் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு, அடையைத் திரும்ப வைத்துவிடலாம். அதைவிட முக்கியம், பெட்டி வைக்க நிலம் வேண்டாம். வீட்டுக் கொல்லை போதும். ரப்பர் தோட்டம் யாருடையதாயினும், இளந்தளிர்க் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ பட்டா பார்த்தா உறிஞ்சுகிறது?

இலவசமாக எதையும் கொடுப்பதில் ஹாட்சுக்குச் சம்மதமில்லை. உழைப்பு உன்னுடையது, பக்கத்திலிருந்து யோசனை சொல்ல விஷயம் தெரிந்தவன் ஒருவன் உண்டு, அவ்வளவுதான். எனக்கு இதில் பாதி உடன்பாடு. பெட்டி வாங்கவும் நாலு காசு வேண்டுமே! அதுவும் இல்லாதவனை இந்தத் திட்டம் எட்டியிருக்குமா? ரப்பர் யாருடையது என்ற கேள்வியைத் தேனீ கேட்காதது சரி. நிலையமும் அல்லவா கேட்கவில்லை?

1952-ல் சர்க்கார் சமுதாய அபிவிருத்தித் திட்டத்தைத் தேசம் முழுவதும் கொண்டுவந்தபோது, அதற்கு முன்னோடிகளில் ஒன்றாக மார்த்தாண்டத்தையும் சொன்னார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம் என்று ஜாபிதா முழுவதும் வந்தது. பக்கத்திலிருந்து யோசனை சொல்கிறவர்தான் ஜீப்பில் வந்து போகிறவராகிவிட்டார்.

1990-களின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்து தென்னாட்டுத் தேனீக்களை வாரிக்கொண்டு போயிற்று. பெட்டிகள் காலியாயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து, தேனீ வளர்ப்போர் மறுபடி அவற்றை நிரப்பினார்கள்.