மறுக்கும் உரிமை: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் லீக் சாரா ஆட்டங்கள், 1951–2022

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் ஆட்ட அட்டவணை குறித்து எழுதுவோரிடம் ஒரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது. லீக் சாரா ஆட்டம் 2013 வரை இடைவெளி நிரப்பும் ஆட்டமாகவே இருந்தது என்றும், அந்த ஆண்டு பிக் டென், என்சிஎச்சி என்ற இரு லீக்குகளும் தொடங்கிய பிறகே அது பேரத்துக்கும் மனக்கசப்புக்கும் உரிய பொருளாயிற்று என்றும் அவ்வாசிப்பு சொல்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஆனால் அதன் வலுவான பகுதியை முதலில் எடுத்துச் சொல்வதே முறை.

அதன் முதன்மைச் சான்று மின்னசோட்டாவும் நார்த் டகோட்டாவும். பல பத்தாண்டுகள் டபிள்யூசிஎச்ஏ லீக்கில் ஆண்டுதோறும் மோதிவந்த இரு அணிகள் இவை. 2013-இல் மின்னசோட்டா பிக் டென்னுக்கும் நார்த் டகோட்டா என்சிஎச்சிக்கும் போயின. வழக்கமான பருவத்தில் இரண்டும் சந்திப்பது நின்றது. 2014-இல் பிலடெல்பியாவில் தேசிய அரையிறுதியில் எதிர்ப்பட்டபோது, முடிய 0.6 வினாடி இருக்கையில் விழுந்த கோலால் மின்னசோட்டா 2–1 என வென்றது. பருவ ஆட்டமாக அந்த மோதல் 2016–17-இல்தான் திரும்பியது. கணக்கும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கிறது. ஆறு அணிகளோடு தொடங்கிய பிக் டென்னில் ஒவ்வோர் அணிக்கும் லீக் ஆட்டங்கள் 20தான். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ ஒரு பருவத்துக்கு அனுமதிக்கும் 34-இல் மீதி 14 ஆட்டங்களுக்கு எதிரணியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இவ்வாசிப்பு எத்தனை ஆட்டங்கள் இழக்கப்பட்டன என்று எண்ணுகிறதே தவிர, ஓர் அணி இன்னோர் அணியுடன் ஆட மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் வரலாறு 2013-க்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அதுவும் லீக்குக்கு வெளியே அல்ல, உள்ளே.

மேற்கின் ஏழு கல்லூரிகள் 1951-இல் ஒரு லீக்காகச் சேர்ந்தன: மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகன் டெக், மின்னசோட்டா, நார்த் டகோட்டா, டென்வர், கொலராடோ காலேஜ். வயதில் மூத்த கனடிய வீரர்களைச் சேர்ப்பது பற்றிய சச்சரவில் 1958-இல் நான்கு கல்லூரிகள் விலகின, லீக் கலைந்தது. அதே ஆண்டு மினியாபொலிஸில் நடந்த தேசிய இறுதியில் டென்வர் நார்த் டகோட்டாவை வென்றது. சச்சரவின் ஒரு பக்கத்தில் நின்ற இரு அணிகள், மறுபக்கத்தில் நின்ற மின்னசோட்டாவின் ஊரிலேயே கோப்பைக்கு ஆடின. அந்தக் கசப்பின் அளவை உணர இதை மறக்கலாகாது.

1959-இல் அதே ஏழும் டபிள்யூசிஎச்ஏ என்ற பெயரில் மீண்டும் சேர்ந்தன, ஒரு நிபந்தனையோடு: யாருடன் ஆடுவது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்யும். மின்னசோட்டாவின் பயிற்சியாளர் ஜான் மரியூச்சி, மரி ஆம்ஸ்ட்ராங்கின் டென்வருடன் பருவ ஆட்டம் வைக்க ஆண்டுக்கணக்கில் மறுத்தார். ஒரே லீக், ஒரே புள்ளிப்பட்டியல். ஆனால் இரு உறுப்பினர்கள் சந்திப்பதில்லை. அணிக்கு அணி ஆட்டங்களின் எண்ணிக்கை வேறுபட்டதால் வெற்றி விகிதத்தை வைத்தே வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. கிழக்கில் 1961–62-இல் தொடங்கிய இசிஏசியிலும், உறுப்பினர் மிகுதியால், இதே நிலைதான். லீக் என்றால் கட்டாயம், அதற்கு வெளியே என்றால் விருப்பம் என்ற பிரிவினையை இக்காலத்துக்குப் பொருத்தினால் பொருந்தாது. உள்ளேயும் விருப்பமே ஆண்டது.

உள்ளே கட்டாயம் வந்தது எப்போது? ஒரே ஆண்டைச் சுட்ட என்னால் இயலாது. 1959-க்கும் 1984-க்கும் இடையே அது படிப்படியாகப் படிந்தது என்பதைத் தாண்டி ஒரு தேதியை வலிந்து நிறுத்துவது சான்றுக்கு நியாயம் செய்வதாகாது.

ஆனால் 1984–85 பருவத்தின் புள்ளிப்பட்டியல் ஒரு தெளிவான எல்லைக்கல். இசிஏசியிலிருந்து பிரிந்து உருவான ஹாக்கி ஈஸ்ட், அப்பருவத்தில் ஏழு அணிகளுடன் ஆடத் தொடங்கியது. தலைமை வகித்தவர் பிராவிடன்ஸ் கல்லூரியின் லூ லமோரியெல்லோ. புதிய லீக் எட்டு அணிகள் கொண்ட டபிள்யூசிஎச்ஏவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: இரு லீக்குகளும் ஒன்றோடொன்று ஆடும், அம்முடிவுகள் அவரவர் லீக் பட்டியலிலேயே ஏறும். இது 1988–89 வரை நீடித்தது.

அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பவருக்கு ஒன்று உறுத்தும். மூடிய லீக்கில் எல்லா அணிகளின் வெற்றிகளைக் கூட்டினாலும் தோல்விகளைக் கூட்டினாலும் ஒரே எண்தான் வர வேண்டும். ஒருவர் வென்றால் உள்ளேயே இன்னொருவர் தோற்றிருப்பார். இங்கே அந்த விதி பொருந்தாது. ஹாக்கி ஈஸ்ட் கூட்டலில் மிஞ்சுவதோ குறைவதோ டபிள்யூசிஎச்ஏ பட்டியலில் தலைகீழாகக் கிடைக்கும். இதை அச்சுப் பிழை என்று கருதி யாரும் திருத்திவிடக் கூடாது.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் 34 ஆட்டங்கள். ஹாக்கி ஈஸ்ட் அணி எட்டு மேற்கு அணிகளுடன் இருமுறை ஆடினால் 16. மீதி 18, சொந்த லீக்கின் ஆறு அணிகளுடன் மும்மூன்று. டபிள்யூசிஎச்ஏ அணிக்கு ஏழு கிழக்கு அணிகளுடன் 14. மீதி 20-ஐ ஏழு சக அணிகளிடையே சமமாகப் பங்கிட முடியாது. அதாவது தொலைவிலுள்ள கிழக்கு அணிகளோடு அட்டவணை சீராக இருந்தது. சொந்த லீக்குக்குள்தான் ஏற்றத்தாழ்வு.

இதை எப்படிப் பொருள்கொள்வது? பயணச் செலவை எடுத்துக்காட்டி இதை நிலைக்காமல் போன ஒரு சோதனை என்று ஒதுக்குவது எளிது. நான் உடன்படவில்லை. பழைய எதிரணிகளை இசிஏசியில் விட்டுவந்த புதிய லீக்குக்கு அடுத்த ஆண்டு யார் ஆட வருவார்கள் என்ற உறுதி தேவைப்பட்டது. அந்த உறுதியைப் பெற 15 கல்லூரிகள் தங்கள் மறுக்கும் உரிமையைச் சேர்ந்தே கைவிட்டன. ஒப்பந்தக்காரர்களின் நோக்கத்தைப் பட்டியலிலிருந்து மட்டும் நிறுவ முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் 1959-இன் மேற்கு உடன்பாட்டுக்கு நேர் எதிரான உடன்பாடு இது. ஐந்து பருவங்கள் அது செயல்பட்டது. அது முடிந்தபின் மறுப்புக்கு எஞ்சிய இடம் லீக்குக்கு வெளியே மட்டுமே.

அந்த இடம் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் சான்று. பூர்வகுடிப் பெயர்களையும் சின்னங்களையும் கொண்ட கல்லூரிகளுடன் லீக் சாரா ஆட்டங்களை வைப்பதில்லை என்ற கொள்கையை அது 1993-இல் மேற்கொண்டது. சக டபிள்யூசிஎச்ஏ உறுப்பினரான நார்த் டகோட்டா 2012 வரை அத்தகைய பெயரையே தாங்கியது. ஆனால் லீக் ஆட்டங்கள் தொடர்ந்தன. மரியூச்சி லீக்குக்குள் நின்று மறுத்தார். விஸ்கான்சினால் லீக்குக்கு வெளியே மட்டுமே மறுக்க முடிந்தது.

தேசியச் சுற்றுக்குத் தேர்வு கணினிக் கணக்கைச் சார்ந்தபின் இவ்வாட்டங்களின் எடை கூடியது உண்மைதான். மூடிய லீக்கின் சராசரி வெற்றி விகிதம் எப்போதும் பாதியிலேயே நிற்கும். ஒரு லீக்கை மற்றொன்றோடு ஒப்பிட லீக் சாரா ஆட்டங்களைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. 2013–14-இல் வெளியூர் வெற்றிக்கு 1.2, சொந்த ஊர் வெற்றிக்கு 0.8 என எடை வைத்ததும் இதை ஒட்டியே. எனவே 2013 ஒரு திருப்பம் என்பதை மறுக்கவில்லை. தொடக்கம் என்பதையே மறுக்கிறேன்.

மறுக்கும் உரிமையின் முழு விளைவை அலாஸ்காவில் காணலாம். 2021-இல் ஏழு கல்லூரிகள், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், ஆங்கரேஜ் அணிகளைப் பின்னே விட்டு, சிசிஎச்ஏ என்ற பழைய லீக்கின் பெயரைப் புதுப்பித்து டபிள்யூசிஎச்ஏவிலிருந்து வெளியேறின. பயணச் செலவு ஒரு முக்கியக் காரணம். அலாஸ்காவுக்குப் போய் ஆடும் ஆட்டங்கள் 34 என்ற வரம்பில் சேராது என்று என்சிஏஏ விதி சலுகை தருகிறது. வாருங்கள் என்று அழைக்க அது உதவும், வரவழைக்க உதவாது. ஃபேர்பேங்க்ஸ் அணி 2021–22 முதலும், இடையில் ஆட்டத்தை நிறுத்தியிருந்த ஆங்கரேஜ் அணி 2022–23 முதலும் எந்த லீக்கிலும் இல்லாமல் ஆடுகின்றன. அவ்விரு அணிகளின் எல்லா ஆட்டங்களும் இன்னொரு கல்லூரியின் சம்மதத்தால் மட்டுமே நடப்பவை.