வெட்டிக்கு வந்த சொல்

சில ஆண்டுகளுக்கு முன், மழை பிடிப்பதற்கு முந்தைய வாரம், பள்ளிப்பட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பையன்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கு வரும் கால்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊரே சேர்ந்து அகற்றிவிடலாம் என்று ஆள் சேர்க்கிறார்கள். என் பக்கத்தில் இருந்தவர் விசைத்தறி வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ்.

“அண்ணா, ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. வூட்டுக்கு ஒருத்தர்.”

“வூட்டுக்கு ஒருத்தர்னு யாருப்பா சொன்னது? வெட்டிக்குக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்.”

“இது வெட்டி வேலையாண்ணா? ஏரி ரொம்பினாதான உங்க போர்ல தண்ணி நிக்கும்!”

“வேலை வெட்டின்னு நான் சொல்லல. நீ கூப்பிடுற கூப்பாடு வெட்டி. மொதல்ல எந்தத் தெருவுல பேரு எழுதினீங்க, அதச் சொல்லு.”

பையன் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். அவன் சொன்னது பயனில்லாத வேலை. அவர் சொன்னது, கூலியில்லாமல் அதட்டி வாங்கும் வேலை. அவன் தமிழில் கேட்டான், அவர் தெலுங்கில் சொன்னார்.

இந்த ஊரில் இப்படி நடப்பது வியப்பில்லை. ஊர்ப்பெயரின் முன்பாதியையே இரு மொழிக்காரரும் தம் வீட்டுப் பிள்ளை என்று தூக்கிக்கொள்ளலாம். தமிழில் பள்ளி சமணர் உறையுள், படிக்கும் இடம், சிற்றூர். தெலுங்கிலும் பள்ளி என்றால் சிற்றூர்தான். பின்பாதியான ‘பட்டு’, பழைய ‘பற்று’. செங்கழுநீர்ப்பற்று செங்கல்பட்டு ஆன அதே தேய்மானம். கார்வேட்டிநகர் ஜமீனின் நிழலில் இருந்த, பள்ளிப்பட்டு அடங்கிய திருத்தணி வட்டாரம் பின்னர் சித்தூர் மாவட்டத்தில் கிடந்தது. 1953இல் ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. கோடு மாறியது, நாக்கு மாறவில்லை.

தமிழில் இன்று வெட்டி என்றால் வீண். வெட்டிப்பேச்சு, வெட்டிச்செலவு, வெட்டி ஆபீசர். தெலுங்கில் வெட்டி என்றால் கொடுமை. ‘வெட்டிச் சாகிரி’ என்று சொன்னால் நிஜாம் ஆட்சியில் தொரைகள் எனும் நிலப்பிரபுக்களின் வீட்டுக்கும் வயலுக்கும் கூலியில்லாமல் உழைத்த தெலங்கானாவின் துணி வெளுப்பவர், குயவர், தலித்துகள் எல்லாரும் நினைவுக்கு வருவார்கள். 1946இலிருந்து 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டத்துக்கு இந்தச் சாகிரியும் ஒரு காரணம். கன்னடத்தில் இதே சொல் ‘பிட்டி’. அங்கே அதற்குப் பொருள் இலவசம். ஒரே சொல், மூன்று வீடுகள். வாங்கியவன் பக்கமிருந்து பார்த்தால் இலவசம், கொடுத்தவன் பக்கமிருந்து பார்த்தால் கொடுமை, இரண்டும் மறந்துபோன பிறகு பார்த்தால் வீண். தமிழன்தான் மறந்தவன்.

மறந்ததால் ஒரு பொய் வரலாறும் முளைத்தது. குழி வெட்டுவதால் வெட்டியான் என்று பலர் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். பள்ளிப்பட்டில் நின்று யோசித்தால் இந்த விளக்கம் ஒரு நிமிடம் தாங்காது. தெலுங்கில் மண்ணைத் தோண்டுவதற்கு ‘தவ்வு’ என்பார்கள். வெட்டுதல் என்ற வினைக்கும் அங்குள்ள வெட்டிக்கும் ஒட்டுறவே இல்லை. கன்னடத்துப் பிட்டியை எந்த மண்வெட்டியோடும் சேர்க்க முடியாது. சொல்லின் வேர் வடமொழி ‘விஷ்டி’. கூலியில்லாத கட்டாய உழைப்பு என்பதே அதன் பொருள். பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து தெற்கே இறங்கி, வகரம் பகரமாகும் கன்னட வழக்கப்படி அங்கே பிட்டியாகவும், இங்கே வெட்டியாகவும் நின்றது. வீண் என்ற பொருள் தமிழில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்குப் பக்கத்தில் இருந்த ‘வெற்று’ம் ஒத்தாசை செய்திருக்கும் என்பது என் கணிப்பு. வெத்துவேட்டுக்கும் வெட்டிப்பேச்சுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது?

விஷ்டி நமக்குக் கிடைக்கும் பழைய இடங்களில் ஒன்று, சொல்லிவைத்தாற்போல, ஓர் ஏரிதான். குஜராத்தின் ஜுனாகடில் சுதர்சன ஏரி, சந்திரகுப்த மௌரியன் காலத்தில் கட்டியது. பெரும்புயலில் கரை உடைந்தது. கி.பி. 150 வாக்கில் சக அரசன் ருத்ரதாமன் அதைத் திரும்பக் கட்டினான். பாறையில் வெட்டிய அவனுடைய சமஸ்கிருதக் கல்வெட்டு, அந்த வேலைக்காக மக்களை வரியாலும் விஷ்டியாலும் கட்டாய நன்கொடையாலும் வருத்தவில்லை, சொந்தக் கருவூலத்திலிருந்து செய்தேன் என்று பெருமை பேசுகிறது. பெருமை பேச வேண்டியிருந்தது என்றால் மற்ற அரசர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிச்சொற்களில் ஒன்று வெட்டி. கோயிலுக்கோ பிராமணருக்கோ இறையிலியாக நிலம் கொடுக்கும்போது, இனி அந்த நிலத்திலிருந்து வாங்கக் கூடாதவற்றின் பட்டியலில் வெட்டியும் அதைப்போலவே கூலியில்லா வேலையான முட்டையாளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அமஞ்சி என்ற இன்னொரு சொல்லும் இதே பொருளில் கல்வெட்டுகளில் வரும். கவனிக்க வேண்டியது ஒன்று. விலக்கு கிடைத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. விலக்குக் கிடைக்காமல் உழைத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உழைப்பு வரியானது, வரி ஒரு சாதியின் தலையில் இறங்கியது, கடைசியில் அது ஓர் ஆளின் பெயரானது: வெட்டியான். வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்குகளில் தலையாரி, வெட்டி, நீர்கண்டி என்று கிராம ஊழியர் வரிசை வரும். பிணம் எரிப்பதும் சாவுச்செய்தி சொல்வதும் தண்டோரா போடுவதும் ஊர்க்கணக்கரின் மூட்டையைச் சுமப்பதும் அந்த ஒருவன் வேலை. அவனுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் கொஞ்சம் நெல். அவன் வாழ்ந்த தலித் குடியிருப்பைக் குறித்த ‘காலனி’ என்ற சொல் வசையாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வெட்டியை நீக்க எந்த ஆவணமும் போதாது, அது நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

“இது வெட்டி இல்லை சார், குடிமராமத்து” என்று அந்தப் பையன்கள் சொல்லியிருக்கலாம். நல்ல சொல்தான். முன்பாதி தமிழ், பின்பாதி அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த பழுதுபார்ப்பு. பொதுப்பணித் துறையை என் தாத்தா கடைசிவரை மராமத்து இலாகா என்றுதான் சொன்னார். ஊர்க்குடிகளே சேர்ந்து ஏரி, கால்வாயைச் செப்பனிடுவது குடிமராமத்து. ஆனால் இந்தப் பெயரை ஆவணத்தில் நிலைநிறுத்தியவர்கள் யார்? 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் முதலாவது சட்டம். கரை உடையும் ஆபத்தில் ஊர்த்தலைவர் அக்கம்பக்கத்து ஆட்களை வேலைக்கு அழைக்கலாம். எந்த ஆட்களை? உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலுவுள்ள ஆண்களை. நிலம் வைத்திருப்பவன் கரையில் நின்று பார்க்கலாம் என்று சட்டம் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. வழக்கமாகச் செய்யவேண்டிய மராமத்துக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு பங்கு கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. தொன்றுதொட்ட வழக்கம் என்று அரசு சொன்ன குடிமராமத்தில் பெரும்பகுதி, செலவைத் தன் தலையிலிருந்து ஊர்த்தலைக்கு மாற்ற ஆங்கில அரசு தானே வரைந்த வழக்கம் என்று மானுடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வந்த ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில் வாதிடுகிறார். முழுதும் அப்படி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 10ஆம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரில் ஏரிவாரியம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த வாரியத்தில் உட்கார நிலமும் வீடும் கல்வியும் வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. மண் சுமக்கத் தகுதி எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2017இல் தமிழ்நாடு அரசு இந்தப் பெயரைத் தூசிதட்டி எடுத்தது. முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். பெயரில் குடி முன்னால் நிற்கிறது, கணக்கில் பத்தில் ஒன்றாக இருக்கிறது.

இந்திய அரசியலமைப்பின் 23ஆவது உறுப்பு ‘பேகார்’ எனும் கூலியில்லா உழைப்பையும் அதுபோன்ற பிற கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. அதன் இரண்டாம் பகுதி ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: பொதுக்காரியத்துக்காக அரசு கட்டாய சேவை கேட்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துக் கேட்கக் கூடாது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி எழுதினார். ஆக, கடமை என்று கேட்பதைச் சட்டம் குற்றம் சொல்லவில்லை. ஆள் பார்த்துக் கேட்பதைத்தான் குற்றம் சொல்கிறது. தறிக்காரர் டீக்கடையில் கேட்ட கேள்வியும் இதுதானே?

எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில், ‘வாலண்டீர்’ என்பது ஒரு வேலையின் பெயராக இருந்தது. 2019 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு ஐம்பது வீட்டுக்கு ஒருவர் என்று அமர்த்தி மாதம் 5,000 ரூபாய் கொடுத்தது. ஓய்வூதியம் வீடு தேடி வரும். 2024 தேர்தல் நேரத்தில் அவர்கள் ஓய்வூதியம் கொடுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் நிறுத்தியது, ஆட்சி மாறியதும் அந்த வேலையே போனது. இந்தப் பக்கம் 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அதில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தன்னார்வலர்கள். மாதம் 1,000 ரூபாய். தன் ஆர்வம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்பவர் ஆர்வம் குறைந்தவராகிவிடுவார். இந்தச் சொல்லின் வசதி அரசுகளுக்கு நன்றாகத் தெரியும். கூலி கொடுக்கவேண்டிய வேலையைத் தன்னார்வம் என்று சொல்வது, வெட்டிக்குப் புதுச்சட்டை போடுவது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை. எந்தச் சொல்லைத் தோண்டினாலும் அடியில் ஒரு கைவிலங்குச் சத்தம் கேட்கிறது என்பதுதான் சங்கடம். ஊழியம் என்றால் இன்று கிறிஸ்தவர்களுக்கு இறைப்பணி. அதே சொல், திருவிதாங்கூரில் சாணாரும் மற்றவரும் கூலியின்றிச் சுமந்த சுமை, அய்யா வைகுண்டர் எதிர்த்த சுமை. தொண்டு என்றாலும் முதற்பொருள் அடிமைத்தனம். சுந்தரரின் திருமணத்தில் ஒரு கிழவர் அடிமையோலையோடு வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்தது, நீ எனக்கு ஆள் என்றபோது அவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை வரை போய் எதிர்த்து வாதாடினார். வந்தவர் சிவன் என்று தெரிந்து பணிந்த பிறகும் அவருக்குக் கிடைத்த பெயர் வன்தொண்டர். ஓலை காட்டிக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சண்டை போட்டவருக்குத்தான் நம் மரபு திருத்தொண்டத்தொகை பாடும் இடத்தைக் கொடுத்திருக்கிறது. இலங்கையில் கதை வேறு. அங்கே மன்னர் காலத்து ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பை ஆங்கில அரசு 1832இல் ஒழித்தது. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தொடங்கிய இயக்கத்தால் சிரமதானம் என்ற சொல் பரவி, இன்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலும் புழங்குகிறது. தானம் என்று சொல்லிவிட்டதால் பறிக்க முடியாது, கொடுத்தால் உண்டு.

எனக்குப் பிடித்தது இன்னும் பழைய சொல். குறளின் 22ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். ஈகைக்கு முந்தைய அதிகாரமாக இதைத் தனியாக வைத்தவர், இதையும் அதையும் ஒன்றென்று கருதவில்லை. ஈகை இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்யவேண்டியது. அதைக் கடமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மேலே ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை திறந்து பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்களுக்கு மேல் தண்ணீர் ஓடும் நாளில் எந்தத் துறையும் வந்து சேரும்வரை ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஆற்றங்கரைக்காரர்கள்தான். கயிறு பிடிக்க வரமாட்டேன் என்பவன் தவறுதான் செய்கிறான். ஆனால் அந்தச் சொல்லின் முதற்பாதி ஒப்பு. ஒப்பு இல்லாத இடத்தில் கேட்கும் கடமைக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது, ஆயிரம் ஆண்டாக இருக்கிறது.

டீ குடித்துவிட்டு எழுந்தபோது பையன்கள் திரும்பி வந்தார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். தறிக்காரர் கேட்டதற்குப் பதில் முதல் பக்கத்திலேயே இருந்தது: பெயர்கள் காலனியிலிருந்து தொடங்கியிருந்தன. ஏழு பக்கம் புரட்டினேன். எழுதிக்கொண்டு வந்த இருவரின் பெயரும் அதில் இல்லை. கேட்டேன்.

“நாங்கதான வர்றோம் சார், அத எழுதணுமா?”

“எழுதணும் தம்பி. மொதப் பக்கத்துல.”