ராஜா சிம்மாசனத்துல, அதிகாரம் தளவாய் கையில

லீவுக்கு ஊருக்குப் (அபிராமம்தான், வேறெது) போயிருந்தப்ப அக்கா மக செல்போன்ல கொரியத் தொடர் ஒண்ணு பாத்துக்கிட்டிருந்தா. 'முசின்'னு பேரு, 2012-ல வந்த சரித்திரத் தொடர். சும்மா பக்கத்துல உக்காந்தவன் அரை மணி நேரம் எந்திரிக்கல. நடுவுல அவ கேட்டா:

"மாமா, ராஜா உக்காந்திருக்காரு. ஆனா இந்தத் தளபதி சொன்னாத்தான் எல்லாமே நடக்குது. பேசாம இவனே ராஜாவாயிட வேண்டியதுதானே?"

"அதுக்குப் பதில் சிவகங்கையில இருக்கு"ன்னேன். ஒரு மாதிரியா பாத்துட்டு மறுபடி போன்ல மூழ்கிட்டா. இந்தப் பதிவு அவளுக்காக. நீங்களும் படிக்கலாம் :-)

முதல்ல கொரியாவை முடிச்சுடுறேன். அங்க கொர்யோன்னு ஒரு அரசு. வாங் வம்சத்து ராஜாக்கள். படிச்ச அதிகாரிகளுக்குத்தான் மரியாதை, வாள் பிடிச்சவன் அவங்களுக்கு எடுபிடி. கிம் தொன்-ஜுங்னு ஒரு அதிகாரி, பெரிய சரித்திர ஆசிரியரோட மகன். அவன் விளையாட்டா ஒரு படைத்தலைவரோட தாடியில மெழுகுவர்த்தியால நெருப்பு வச்சான்னு ஒரு கதை உண்டு. தாடிக்காரர் பேரு சோங் ஜுங்-பு. 1170-ல அதே சோங் ஜுங்-பு தலைமையில படைக்காரங்க கிளம்பி அதிகாரிகளை வெட்டித் தள்ளுனாங்க. ராஜாவை இறக்கிட்டு அவர் தம்பியை ஏத்துனாங்க. கவனிங்க, தம்பியை ஏத்துனாங்க. தாங்களே ஏறிக்கல.

அப்புறம் இருபத்தஞ்சு வருஷம் தளபதிக்குத் தளபதி வெட்டிக்கிட்டாங்க. 1196-ல சோ சுங்-ஹொன் வந்தான். ரெண்டு ராஜாவை இறக்கினான், நாலு ராஜாவை ஏத்தினான். 1219-ல செத்தப்ப அதிகாரம் மகன் கைக்குப் போச்சு. அப்புறம் பேரன், கொள்ளுப்பேரன். 1258 வரைக்கும் நாலு தலைமுறை, 62 வருஷம். தளபதி வேலையே பரம்பரைச் சொத்தாயிருச்சு. சிம்மாசனத்துல மட்டும் அதே வாங் வம்சம்.

ஏன் ஏறிக்கல? பதில் சோ வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. 1198-ல அவனோட சொந்த அடிமை மன்ஜோக், மத்த அடிமைகளைச் சேத்துக்கிட்டு ஒரு கேள்வி கேட்டான்: 1170-க்கு அப்புறம் நம்மளை மாதிரி ஆளுங்களும் பெரிய பதவிக்குப் போயிருக்காங்களே, அப்ப தளபதி மந்திரி எல்லாம் விதையிலயா பிறக்குறான்? ஒருத்தன் காட்டிக் கொடுத்தான், அத்தனை பேரையும் பிடிச்சு ஆத்துல வீசிட்டாங்க. வாளை வச்சு நீ ராஜாவானா, நாளைக்கு வாள் வச்சிருக்கிற எவனும் ராஜாவாகலாம். ஒரு பழைய வம்சத்தோட பேரை முன்னால நிறுத்தினாத்தான் அந்தக் கேள்வியை அடைக்க முடியும்.

இப்ப நம்ம சீமைக்கு வருவோம்.

சேதுபதிகளே வாளால வந்தவங்கதான். 1600-களோட தொடக்கத்துல மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியா ஏத்துக்கிட்டார். கிழவன் சேதுபதி காலத்துல மதுரைக்கு அடங்காத தனி அரசாச்சு. நூறு வருஷத்துல 'சேதுவைக் காக்கிறவர்'ங்கிற பட்டம் வாளைவிடக் கனமாயிருச்சு. 1730 வாக்குல சீமை ரெண்டாப் பிரிஞ்சு, சசிவர்ணத் தேவர் கீழே சிவகங்கை தனியாச்சு.

ராமநாதபுரத்துல வெள்ளையன் சேர்வைக்காரர்னு ஒரு தளவாய். 1748 வாக்குல சேதுபதியா இருந்த ராக்கத் தேவரோட ஒத்துப்போகல. தளவாய் என்ன செஞ்சார்? ராக்கத் தேவரை இறக்கிட்டு செல்லத் தேவரை ஏத்தினார். நம்ம சோ சுங்-ஹொன் வேலையேதான்! ஆனா இங்க தளவாய் பதவி நாலு தலைமுறைக்குப் போகல. செல்லத் தேவருக்கு அப்புறம் அவர் தங்கச்சி மகன் முத்துராமலிங்கம் கைக்குழந்தையா சேதுபதி ஆனப்ப, அம்மா முத்துத் திருவாயி நாச்சியார் பேர்ல ஆட்சி நடந்துச்சு, நிர்வாகம் பிரதானி தாமோதரம் பிள்ளை கையில.

சிவகங்கை கதை இன்னும் கெட்டி. 1772 ஜூன் 25-ல காளையார்கோவில்ல கம்பெனிப் படை முத்துவடுகநாதரைக் கொன்னுச்சு. வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குப் போய், எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலி உதவியோட 1780-ல சீமையை மீட்டாங்க. கூடவே நின்னவங்க மருது சகோதரர்கள், நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைங்க. பெரிய மருது தளவாய், சின்ன மருது பிரதானி. கொஞ்ச வருஷத்துல ராணி மருமகன் வேங்கன் பெரிய உடையாத் தேவர் பட்டத்துக்கு வந்தார். பட்டம் அவருக்கு, சீமை மருதுகளுக்கு.

ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் எழுதி வச்சிருக்கார். பெரிய மருதுவுக்கு ஆட்சியில ஆசையே இல்ல, வேட்டைதான் உசுரு. காரியம் பூரா சின்ன மருது. சிறுவயல்ல அவர் அரண்மனைக்குள்ள யார் வேணா போகலாம், காவலே கிடையாது. வளரி எறிய தனக்குச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான்னும் வெல்ஷ் சொல்றார். காவல் இல்லாம தூங்குற 'அபகரிப்பாளரை' நான் வேற எந்தச் சரித்திரத்துலயும் படிச்சதில்ல.

ஆனா 1801-ல சண்டை முத்துனப்ப கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? பீரங்கிக்கு முன்னால ஒரு காகிதத்தை நீட்டுச்சு. ஜூலையில கர்னல் அக்னியு ஒரு அறிக்கை விட்டார். சாரம் இதுதான்: மருதுகள் வேலைக்காரங்க, அவங்களுக்குப் பரம்பரை உரிமை கிடையாது, உண்மையான வாரிசை நாங்க கொண்டு வர்றோம். சொன்ன மாதிரியே படமாத்தூர் கௌரி வல்லபரைத் தேடிப் பிடிச்சு செப்டம்பர்ல சோழபுரத்துல பட்டம் கட்டுனாங்க. அக்டோபர்ல காளையார்கோவில் விழுந்துச்சு. 24-ந் தேதி திருப்பத்தூர்ல ரெண்டு பேருக்கும் தூக்கு.

1799-ல திப்பு விழுந்தப்ப மைசூர்லயும் இதேதான். ஹைதர் ஓரங்கட்டி வச்சிருந்த உடையார் வம்சத்துல அஞ்சு வயசுப் பையனைத் தேடி உக்கார வச்சாங்க. அட, கொரியாவுலயும் இதேதான்! மங்கோலியர்களோட பல வருஷம் மல்லுக்கட்டுனது படைக்காரங்க. 1269-ல ஒரு தளபதி ராஜாவை இறக்கினான். அதே ராஜாவை மங்கோலியர்கள் திரும்ப ஏத்தி விட்டாங்க. 1270-ல படைக்காரர் ஆட்சி முடிஞ்சது, கொர்யோ மங்கோலியருக்கு அடங்கின நாடாச்சு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். தளவாய் ராஜா பேரை இரவல் வாங்கி ஆளுறான். அந்த இரவல்தான் அவன் பலவீனம். வெளியிலேருந்து வர்றவன் அதே பேரை எடுத்து அவனை அடிக்கிறான். கடைசியில ராஜா திரும்பி வர்றார், ராஜ்ஜியம் போயிருது. கௌரி வல்லபருக்குக் கிடைச்சது ஜமீன். 1803-ல ராமநாதபுரமும் ஜமீன்.

இதுக்கு அடங்காதவங்களும் ரெண்டு இடத்துலயும் உண்டு. கொரியாவுல சம்ப்யொல்சோன்னு ஒரு படை, ராஜா சரணடைஞ்ச பிறகும் தீவுத் தீவா மாறி 1273 வரைக்கும் சண்டை போட்டுச்சு. இங்க 1795-ல கம்பெனி சேதுபதியைப் பிடிச்சு அடைச்சதுக்கு அப்புறம், அவர் படையில இருந்த சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் 1799 ஏப்ரல்ல கிளம்பினார். முதுகளத்தூர் கச்சேரி, கமுதி, அப்புறம் எங்க அபிராமம். இங்க இருந்த கம்பெனியோட துணிக் கிட்டங்கியைச் சூறையாடினாங்க. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இதை ஒரு வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்ல. 1802-ல அவருக்கும் தூக்கு.

கடைசியா ஒண்ணு. 1802 பிப்ரவரியில தூத்துக்குடியிலேருந்து பினாங்குக்கு ஒரு கப்பல் போச்சு. எழுபதுக்கு மேல கைதிகள். அதுல சின்ன மருதுவோட மகன் துரைசாமி, பதினஞ்சு வயசு. அதே கூட்டத்துல வேங்கன் பெரிய உடையாத் தேவர். தளவாய் வீட்டுப் பிள்ளையும் பட்டத்து ராஜாவும் ஒண்ணா நாடு கடத்தப்பட்டாங்க. ராஜா அந்த வருஷமே அந்நிய மண்ணுல செத்துட்டார். 1818-ல வெல்ஷ் பினாங்குல துரைசாமியைப் பாத்திருக்கார். ஊருக்கு ஒரு கடிதம் கொண்டு போகச் சொல்லி அந்தப் பிள்ளை கேட்டிருக்கு. சட்டம் இடம் கொடுக்காதுன்னு வெல்ஷ் வாங்கல.

இதையெல்லாம் அக்கா மககிட்ட சொன்னேன். போனைக் கீழே வச்சுட்டுக் கேட்டா. "அந்த லெட்டர்ல என்ன மாமா எழுதியிருப்பாரு?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: எந்தச் சாதிக்கு எந்த வீரர் சொந்தம்ங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரல சாமி. அந்தக் கப்பல்ல யாரும் தனித்தனியா உக்காந்து போகல.