ராம்பஸ் பங்கும் 820 சிப்செட் தாமதமும்

ராம்பஸ், கணினி நினைவகத்தை வடிவமைத்து உரிமம் வழங்கும் அமெரிக்க நிறுவனம். மைக் பார்ம்வால்டு, மார்க் ஹொரோவிட்ஸ் இருவரும் 1990-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 1999 செப்டம்பரில் இன்டெல், செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் தன் 820 சிப்செட்டின் வெளியீட்டைக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்க, அடி விழுந்தது ராம்பஸ் பங்குக்கு. அடுத்த சில மாதங்களில் அதே பங்கு அதுவரை காணாத உச்சத்துக்கு ஏறியது.

ராம்பஸுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. அதன் வடிவமைப்பான ஆர்.டி.ரேம் சில்லுகளை சாம்சங், தோஷிபா போன்றவர்கள் செய்து விற்றார்கள். விற்ற சில்லுக்கு இவ்வளவு என ராம்பஸுக்கு ராயல்டி வந்தது. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியில் இந்த நினைவகம்தான் இருந்தது. அதே ஆண்டின் இறுதியில், வருங்காலக் கணினிகளுக்கு இதையே பயன்படுத்த இன்டெல் ஒப்பந்தம் போட்டது. கூடவே, குறிப்பிட்ட அளவு விற்பனையை எட்டினால் ராம்பஸின் 10 லட்சம் பங்குகளைத் தலா 10 டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் இன்டெலுக்குக் கிடைத்தது. 1997 மே மாதம் ராம்பஸ் 12 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. முதல் நாளே விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. வாங்கியவர்கள் உண்மையில் பந்தயம் கட்டியது இன்டெலின் கால அட்டவணைமீது.

அந்த அட்டவணை நிலைக்கவில்லை. ஆர்.டி.ரேமைப் பயன்படுத்தும் சிப்செட்டாக 1999 நடுவில் வரவேண்டிய 820, செப்டம்பர் 27-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு, மூன்று நினைவகச் செருகிடங்கள் கொண்ட மதர்போர்டுகளில் தரவுப் பிழை வருவதாகச் சொல்லி இன்டெல் மறுபடியும் நிறுத்தியது. ஆர்.டி.ரேமில் சமிக்ஞை ஒரே தடத்தில் ஒவ்வொரு அட்டையின் வழியாகவும் போய்த்தான் கடைசிக்குச் சேரும். ஒரு செருகிடத்தைக் காலியாக விட்டால் தடம் அறுந்துவிடும். அங்கே சில்லே இல்லாத வெற்று அட்டையொன்றைச் செருகியாக வேண்டும். மிக அதிக வேகத்தில் ஓடும் இந்தத் தடம் மூன்று செருகிடங்களைத் தாங்கவில்லை. கணினி நிறுவனங்களோ அதற்குள் மூன்று செருகிட மதர்போர்டுகளைச் செய்து அடுக்கியிருந்தன. நவம்பர் 15 அன்று 820 வெளிவந்தபோது செருகிடம் இரண்டாகக் குறைந்திருந்தது.

இன்டெல் 820-ஐ நிறுத்திய அதே வாரம், செப்டம்பர் 21 அன்று, தைவானில் பெரும் நிலநடுக்கம். சில்லு ஆலைகள் மின்சாரமின்றி நின்றன. உடனடிச் சந்தையில் நினைவக விலை எகிறியது. எந்தச் செய்தி எந்தப் பங்கை அசைத்தது என்று பிரித்துச் சொல்வது அந்த நாள்களில் எளிதல்ல.

தாமதம் சரிவைத் தந்தது சரி, ஏற்றம் எங்கிருந்து வந்தது? தொழில்நுட்பப் பங்குகளின்மீது அப்போதிருந்த மோகம் ஒரு காரணம். 2000 மார்ச்சில் விலை 400 டாலரைத் தாண்டியது. இன்னொன்று காப்புரிமை. போட்டி நினைவகமான எஸ்.டி.ரேமிலும் தன் கண்டுபிடிப்பு இருக்கிறது என்று ராம்பஸ் ராயல்டி கேட்டது. 2000 ஜூனில் தோஷிபாவும் ஹிட்டாச்சியும் பணம் தர ஒப்புக்கொண்டன. அதே மாதம் ஒரு பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டது. ஆர்.டி.ரேம் தோற்றாலும் காசு வரும் என்று சந்தை கணக்குப் போட்டது. பொருள் எப்போது வரும் என்ற கவலை பின்னுக்குப் போனது. இந்த ஏற்றத்தைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகப் படித்தவர்கள் ஏமாந்தார்கள்.

கணினி வாங்குபவருக்கு ஆர்.டி.ரேம் எஸ்.டி.ரேமைவிடப் பல மடங்கு விலை. 820-உடன் எஸ்.டி.ரேமை இணைக்க இன்டெல் செய்த மொழிமாற்றிச் சில்லும் பழுதாகி, 2000 மே மாதம் அந்த மதர்போர்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ராம்பஸை நம்பியது தவறு என்று இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட் அந்த அக்டோபரில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அடுத்த மாதம் வந்த பென்டியம் 4 செயலி ஆர்.டி.ரேமோடுதான் வந்தது. 2001 செப்டம்பரில் அதே பென்டியம் 4-க்காக இன்டெல் கொண்டுவந்த 845 சிப்செட்டில் இருந்தது சாதாரண எஸ்.டி.ரேம்.