காஷ்மீரக் கம்பளமும் அதன் நெசவாளரும்

காஷ்மீரக் கம்பளங்களைப் பற்றி எழுதுவோர், 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுலாப்தீனிலிருந்து தொடங்குவது வழக்கம். பாரசீகத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் கைவினைஞரை வரவழைத்து இக்கலையை வளர்த்தவன் அவனே என்பது மரபு. அம்மரபை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் மன்னனின் பெயரோடு நின்றுவிடும் வரலாறு முழுமையானதன்று. நெய்தவர் யார், எத்தகைய நிலைமைகளில் நெய்தனர் என்று அறிய வேண்டுமாயின், முதலிற் கம்பளத்தின் அமைப்பையே நோக்குதல் வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும் தறியிற் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக இழுத்துக் கட்டப்படுகிறது. நெசவாளன் கம்பளி இழையை ஒரு பாவிழையில் முழுதாகச் சுற்றி, அடுத்த பாவிழையின் பின்னாகக் கொண்டுவந்து அறுக்கிறான். இதுவே பாரசீக முடிச்சு. ஒரு வரிசை நிறைந்ததும் ஊடையைச் செலுத்திச் சீப்பால் அடித்து இறுக்குகிறான். அங்குலத்துக்கு 18 முடிச்சு வீதம் நெய்தால், ஒரு சதுர அங்குலத்தில் 324 முடிச்சுகள் விழும். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கம்பளத்தில் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள் உள. அத்தனையும் விரல்களால் இடப்பட்டவை.

எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை வரிசை வரிசையாகக் குறியீடுகளில் எழுதிய ஏடு ‘தாலீம்’ எனப்படும். ஒருவர் அதனை உரக்கப் படிக்க, ஏனையோர் நெய்வர். இவ்வேடு கம்பளத்துக்கென உண்டானதன்று. சால்வை நெசவிலிருந்து வந்தது. அது வந்த வழியிலேதான் நெசவாளரின் வரலாறு கிடக்கிறது.

டோக்ரா மன்னராட்சியிற் சால்வைத் திணைக்களம் ஒவ்வொரு சால்வைக்கும் முத்திரையிட்டு வரி அறவிட்டது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோள்களை அலங்கரித்த சால்வையை நெய்தவன், வறுமையிலும் கடனிலும் உழன்றான். 1865 ஏப்ரல் 29ஆம் நாள், ஸ்ரீநகரின் சால்டகர்ப் பகுதியில் நெசவாளர் திரண்டு வரிக்கொடுமையை எதிர்த்து ஊர்வலமாகச் சென்றனர். அவர்கள்மீது படை ஏவப்பட்டது. தப்ப முயன்ற பலர் நீரில் வீழ்ந்து மாண்டனர். இறந்தோர் 28 பேர் எனக் கூறப்படுகிறது. மேதினத்துக்கு வித்திட்ட சிக்காகோ நிகழ்ச்சிகளுக்கு 21 ஆண்டுகள் முற்பட்டது இப்போராட்டம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1870–71இல் நடந்த பிரான்சிய–பிரசியப் போரோடு சால்வையின் பிரான்சியச் சந்தை சரிந்தது. 1877–79இற் பெரும்பஞ்சம் பள்ளத்தாக்கைச் சூறையாடியது. பின்னர் ஐரோப்பிய வணிகர் கம்பளத் தொழிற்கூடங்களை நிறுவியபோது, வேலையிழந்த சால்வை நெசவாளர் தாலீம் ஏட்டோடு அங்கே சென்றமர்ந்தனர். தொன்மையான கலை என்று நாம் போற்றுவதன் இன்றைய வடிவம், இவ்வாறு பிழைப்புத் தேடிய கைகளால் உருவானதேயாகும்.

2016இற் காஷ்மீரக் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. நெய்யும் கைகளுக்கு உரிய கூலி கிடைக்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

கம்பளத்தின் தரமறிய விரும்பும் வணிகன், அதைப் புரட்டி முதுகுப்புறத்து முடிச்சுகளை எண்ணுகிறான். வரலாற்று மாணவனும் அதைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும், அம்முடிச்சுகளை இட்ட மனிதரை அறிவதற்காக.