கூடாரத் தங்கல்: ஜனக்புரியிலிருந்து இமயச் சரிவுக்கு

கூடாரத் தங்கல் என்பது, கையோடு எடுத்துச் செல்லும் துணிக் கூடாரத்தை அடித்துத் திறந்தவெளியில் இரவு தங்குவது. மேற்கு தில்லியில் தில்லி வளர்ச்சி ஆணையம் 1970களில் உருவாக்கிய ஜனக்புரியில் வாழ்வோருக்கு இதற்கான இயல்பான திசை வடக்கு. மெட்ரோவில் காஷ்மீரி கேட் பேருந்து நிலையம் போய், அங்கிருந்து இரவுப் பேருந்து பிடித்தால் விடியும்போது ரிஷிகேஷ். அதற்கு அப்பால் கட்வால், குமாவுன் மலைகள். மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். இடைப்பட்ட மழைமாதங்களில் மண்சரிவு அடிக்கடி சாலையை மறிப்பதால் அப்போது போகாதிருப்பதே நல்லது.

புதிய கூடாரத்தை முதன்முறையாக மலையில் பிரிக்கக் கூடாது. அடுக்குவீட்டு மொட்டை மாடியிலேயே ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடலாம். கான்கிரீட்டில் முளை இறங்காது. மூலைக்கு ஒன்றாகத் தண்ணீர் நிரப்பிய கேன்களைக் கட்டினால் போதும். நிறுத்தியபின் மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை நிறுத்திப் பழகினால் இன்னும் நல்லது. பேருந்து தாமதமானால் மலையில் அப்படித்தான் செய்ய நேரும்.

இடத் தேர்வு

விலையுயர்ந்த கூடாரத்தைவிட நல்ல இடம்தான் உயிரைக் காக்கிறது. சமதளமாகவும் சுற்றியுள்ள தரையைவிடச் சற்றே உயர்ந்தும் இருக்கும் இடம் சிறந்தது. பள்ளத்தில் மழைநீர் தேங்கும். காற்றில்லாத இரவில் குளிர்காற்றும் அங்கேதான் இறங்கும். தலைக்கு மேலே பட்ட கிளை தொங்குகிறதா, மேல் சரிவில் அண்மையில் உருண்ட கற்கள் கிடக்கின்றனவா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஓரங்களில் பிச்சு காஸ் என்று மலைமக்கள் சொல்லும் செந்தட்டி இனச் செடி இருந்தால், கை பட்ட இடமெல்லாம் தேள் கொட்டியதுபோல் எரியும்.

ஆற்றுமணல் பார்க்க அழகாக இருந்தாலும் படுக்க ஏற்றதல்ல. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்த நீர் பியாஸ் ஆற்றில் திடீரெனப் பெருகியது. ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து ஆற்றுக்குள் நின்றிருந்த 24 பொறியியல் மாணவர்களும் உடன் வந்த சுற்றுலா அமைப்பாளரும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். அங்கே மழை பெய்யவில்லை. ஆறு பெருகப் போவதற்கான அறிகுறி எதையும் வானம் காட்டவில்லை. அணைக்குக் கீழுள்ள ஆற்றில் இந்த ஆபத்து எந்நேரமும் உண்டு. பாறையில் பழைய வெள்ளம் விட்ட கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கும் மேலேதான் கூடாரம் நிற்க வேண்டும்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையே கங்கைக்கரை மணலில் முகாம் அமைப்பதை 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது. புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை விதித்தது. சில ஆண்டுக் கூட்டத்திலேயே மிதிபட்டு மொட்டையாகிவிட்ட புல்வெளியைக் கண்டவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். எங்கே தங்குவதானாலும் வனத்துறையின் உள்ளூர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

நிறுத்தும் முறை

முதலில் தரைவிரிப்பு. கூடாரத்தின் அடிப்பரப்பைவிட அது நான்கு புறமும் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையை ஏந்தி, படுத்திருப்பவரின் அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். முளையைச் செங்குத்தாக அடிக்காமல், அதன் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடித்தால் கயிறு இழுக்க இழுக்கப் பிடி இறுகும். மேலுறை உட்கூடாரத்தைத் தொடாமல் விறைப்பாக நிற்க வேண்டும். இருவர் மூச்சிலிருந்து வெளியேறும் ஈரம் இரவெல்லாம் மேலுறையின் உட்புறத்தில் படிந்து, காலையில் சொட்டும். பலரும் இதைக் கூடாரம் ஒழுகுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மூடுவதால்தான் இது மிகுகிறது.

குளிரும் புகையும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரளவே உயர்ந்த தில்லியோடு ஒப்பிட்டால், 2,500 மீட்டரில் சுமார் 15 டிகிரி குறைவு. உடல்சூட்டைப் பெரிதும் உறிஞ்சுவது தரை. ஆகவே போர்வையைக் கூட்டுவதற்கு முன், அடியில் தடித்த நுரைப்பாய் வேண்டும். படுக்கும்போது உள்ளாடையும் காலுறையும் உலர்ந்தவையாக இருக்கட்டும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உயர நோய் என்று கொண்டு உடனே இறங்க வேண்டும்.

தில்லிக் குளிர்காலத்தில் அங்கீட்டி எனும் கரியடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், விடுதி அறையில் வாயுக் கணப்பு எரிந்துகொண்டிருக்கத் தூங்கிய கேரளத்தவர் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். காரணம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ மணமோ இல்லாததால் தூங்குபவர் விழித்துக்கொள்ள வழியே இல்லை. கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வாயுக் கணப்போ எரிக்கவே கூடாது. வாசல் திறந்திருந்தாலும் கூடாது. வேண்டுமானால் மூடி இறுக்கமான புட்டியில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே மூட்டும் தீயும் எல்லா நாளும் ஏற்றதல்ல. உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலம்; பிரூல் எனப்படும் சீர் பைன் சருகு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11 அன்று அங்கே மூண்ட தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர்.

நீர், உணவு, கழிவு

ஓடை நீரை ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வாயுக் குப்பிகளை ரயிலில் கொண்டுபோக அனுமதியில்லை. போய்ச் சேரும் ஊரில்தான் வாங்க வேண்டும். உணவைக் கூடாரத்துக்குள் வைத்தால் எலியும் குரங்கும் துணியைக் கிழித்துவிடும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். காலையில் செருப்பு, ஷூவை உதறிப் பார்த்துவிட்டே கால் நுழைக்க வேண்டும்.

பிரிக்கும்போது கூடாரம் ஈரமாக இருந்தால் அப்படியே சுருட்டி எடுத்துவரலாம். வீடு சேர்ந்ததும் நிழலில் விரித்து, தையல் மடிப்பு வரை முழுதாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு உறையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நீர்தாங்கும் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்தபின் அந்தத் துணி மழைக்கு உதவாது.