நழுவிக்கொண்டே இருக்கும் பயாஸ்

வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் பயாஸை 50 மில்லியாம்பியருக்கு வைத்துவிட்டு, டீ குடிச்சுட்டு வந்து பார்த்தால் 90. திருகிக் குறைத்தால், ஆறினதும் 20. உடனே எல்லாரும் கேட்பது, "பிரீசெட் போயிடுச்சா?" இருக்கலாம். ஆனா இந்தத் தொல்லை டிரான்சிஸ்டரோடு கூடவே பிறந்தது.

பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் கரண்ட் ஓடணும். இல்லைன்னா அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒலி கரகரக்கும். அந்தக் கரண்ட்டை நிர்ணயிப்பது பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம். ஒரு டிகிரி சூடு ஏறினால் அதே கரண்ட்டுக்கு அது சுமார் 2 மில்லிவோல்ட் குறைவாகவே போதும். நாம் கொடுப்பதோ மாறவில்லை. கரண்ட் ஏறும், சூடு ஏறும், மறுபடி கரண்ட் ஏறும். நம்ம பாஷையில், வெளியேற கண்டிஷன் எழுதாத லூப். அதை நிறுத்துவது ஃபியூஸ், இல்லைன்னா புகை.

1956ல் ஆர்.சி.ஏ.வின் எச்.சி. லின், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட்டை வெளியிட்டார். அந்த வழியில் வந்தவர்கள் பிடித்த வைத்தியம், பயாஸ் டிரான்சிஸ்டரையே ஹீட்சிங்க்கில் ஒட்டி வைப்பது. சூடானால் அதுவும் மின்னழுத்தத்தைக் குறைக்கும். நல்ல யோசனைதான். ஆனா சிலிக்கான் நொடியில் சூடாகும், அலுமினியம் நிமிஷக்கணக்கில்! இந்தத் தாமதம்தான் இன்னிக்கும் நம்மை அலைக்கழிக்குது.

இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் வேறு பக்கமாக யோசித்தார். அவருடைய குவாட் 303ல் (1967) மூன்று டிரான்சிஸ்டர்களை ஒரு கூட்டாகக் கட்டி, பயாஸை முதல் சின்ன டிரான்சிஸ்டரிடம் ஒப்படைத்தார். பெரியவர் எவ்வளவு கொதித்தாலும் சின்னவருக்குக் கவலை இல்லை. 1975ல் குவாட் 405 இன்னும் ஒரு படி மேல்: பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு பயாஸே கிடையாது. அவை தூங்கும் இடைவெளியை ஒரு சின்ன கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் நிரப்பும். திருக பிரீசெட்டே இல்லை. 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் இதை வைத்து வருஷக்கணக்கில் சண்டை நடந்தது.

நம்ம போர்டு பெரும்பாலும் லின் வம்சம். அதனால் பிரீசெட்டை மாற்றும் முன், பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கை நிஜமாகவே தொடுகிறதா என்று பாருங்க. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 11 மில்லிவோல்ட் என்றால் 50 மில்லியாம்பியர். அரை மணி நேரம் சூடான பிறகு அளக்கணும். பிரீசெட், பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் பக்கம் இருக்கட்டும். அதன் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் இறங்கும், அவ்வளவுதான். கலெக்டர்-பேஸ் பக்கம் இருந்தால் முழுசா ஏறி, அவுட்புட் ஜோடியையும் கூட்டிக்கொண்டு போயிடும்.